சுவரில் யாருடைய பெயர்?

கல்லூரி முதலாண்டில்தான் என் பெயரை முதன்முதலாகச் சுவரில் பார்த்தேன். நான் எழுதியதல்ல. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு பையனின் பெயரோடு கூட்டல் குறி போட்டு, யாரோ கரிக்கட்டியால் எழுதியிருந்தார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற பயத்தில் துப்பட்டாவால் தேய்த்தேன். கரி பரவியதே தவிர, பெயர் போகவில்லை. அதனால்தான் “கிராஃபிட்டி கலையா, கிறுக்கலா?” என்று மாணவிகள் கேட்கும்போது “கலைதான்” என்று என்னால் உடனே சொல்லிவிட முடிவதில்லை.

இளைஞர்கள் ஏன் சுவரில் எழுதுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. நம் ஊர்ச் சுவர்கள் ஏற்கெனவே பங்கு போடப்பட்டவை. தேர்தலுக்கு முன்பே கட்சிகள் வெள்ளையடித்துப் பிடித்துவைக்கின்றன, மிச்சம் விளம்பரங்களுக்கு. காசும் பதவியும் இல்லாதவர்கள் ‘நானும் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்ல இரவு நேரம் மட்டுமே மிஞ்சுகிறது. அந்த இரவும் பெண்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

நியூயார்க்கில் வளர்ந்த சாண்ட்ரா ஃபபாரா 1979-இல் எழுதத் தொடங்கியபோது பதின்வயதுப் பெண். பிரிந்துபோன காதலனின் பெயரைத்தான் முதலில் எழுதினார். பிறகு ‘லேடி பிங்க்’ என்ற பெயரோடு, பையன்களின் உலகமாக இருந்த ரயில் பெட்டிகளில் அதை வரைந்தார். 1989-க்குள் நகரத்துச் சுரங்க ரயில்களிலிருந்து கிராஃபிட்டி அகற்றப்பட்டுவிட்டது. அவருடைய வேறு ஓவியங்களோ இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கை ஒன்றுதான், ரயிலில் வரைந்தால் குற்றம், சட்டகத்துக்குள் வரைந்தால் கலை. ‘இது கலையா?’ என்ற கேள்விக்குள் ‘இந்தச் சுவர் யாருடையது?’ என்ற கேள்வியும் பல நேரம் ஒளிந்திருக்கிறது.

ஆனால் சுவரைக் கைப்பற்றுவதே நியாயமாகிவிடுமா? என் பெயரை எழுதியவனும் சுவரைக் கைப்பற்றியவன்தானே?

இங்கே எனக்கு உதவுபவர் பஹியா ஷெஹாப். அரபு எழுத்துக்கலை வரலாற்றில் ‘இல்லை’ என்ற சொல்லின் ஆயிரம் வடிவங்களை ஒரு கண்காட்சிக்காகத் திரட்டியவர். 2011-இல் எகிப்தில் மக்கள் எழுச்சி வந்தபோது, அந்தச் சொல்லைக் கெய்ரோவின் சுவர்களுக்குக் கொண்டுவந்தார். அந்த டிசம்பரில் படையினர் ஒரு பெண்ணைத் தெருவில் இழுத்துச் சென்று அடித்தார்கள்; ஆடை விலகி, அவருடைய நீல நிற உள்ளாடை தெரிந்த படம் உலகமெங்கும் பரவியது. ஷெஹாப் சுவரில் பதித்தது அந்த நீல உள்ளாடையை. கூடவே, மக்களை ஆடை களைவதற்கு ‘இல்லை’ என்ற மறுப்பு. அந்தப் பெண்ணின் முகமோ உடலோ அதில் இல்லை. மறுபடியும் அவரைத் தெருவுக்கு இழுக்காமல், இழுத்தவர்களைத் தெருவில் நிறுத்தினார்.

ஆக, கேள்விகள் இரண்டு. அழகாக, புதிதாக, உணர்வைத் தொடும்படி இருந்தால் அது கலையாகலாம். ஆனால் கலையாக இருப்பதாலேயே அது நியாயமாகிவிடாது. என் பெயரை முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தாலும் அது அநீதிதான். யாரைப் பற்றி எழுதுகிறோம், அவளுக்குச் சம்மதமா, யாரை நோக்கிப் பேசுகிறோம், விடிந்ததும் அதைத் தேய்த்துக் கழுவப்போவது யார்? வண்ணப் புட்டியைக் குலுக்கும் முன் கேட்க வேண்டியவை இவை.

அன்று அந்தக் கரிக்கட்டி என் கையில் கிடைத்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன். அந்தப் பையனின் பெயரை அடித்துவிட்டு, என் பெயரை மட்டும் விட்டுவைக்கும் துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா? தெரியவில்லை.