தள்ளுபடியும் வாய்மையும்

ஆடியில் கல்யாணம் காட்சி கிடையாது. அதனால் படுத்துவிடும் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. இன்று அது ஆடியோடு முடிவதில்லை. ஆயுத பூஜைக்கு முன்பே இணையக் கடைகளின் பெரும் விற்பனை தொடங்கிவிடுகிறது. தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் ஜவுளிக்கடைகளும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளும் போட்டி போட்டுக்கொண்டு விலை குறைக்கின்றன. பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல், அட்சய திருதியை என்று வரிசை நீள்கிறது. இந்த வியாபாரத்தில் நேர்மையானது நிறைய உண்டு. தேங்கிய சரக்கை விற்றுத் தீர்க்கக் கடைக்காரர் தம் லாபத்தைக் குறைத்துக்கொள்கிறார். வாங்குபவருக்கும் நாலு காசு மிச்சமாகிறது. ஆனால் இதே நெரிசலில்தான் ஏமாற்றும் நுழைகிறது. எப்படித் தப்பிப்பது என்று ஆண்டுதோறும் அறிவுரைகள் வருகின்றன. அவை தேவைதான். அவற்றுக்கு அடியில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல் ஒருவரை ஏமாற்றினால் அது பொய்யா? ஏமாந்தவருக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டா? அது பொய்தான், களவும்கூட என்பதும், ஏமாந்தவரின் ஆசை அந்தக் களவின் கனத்தைக் குன்றிமணி அளவும் குறைக்காது என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

கைப்பேசித் திரையில் ஒரு மிக்ஸி விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே 7,999 ரூபாய் என்று எழுதி அடித்திருக்கிறது. கீழே தடித்த எழுத்தில் 2,999. பக்கத்தில் சிவப்பில் ‘62% தள்ளுபடி’. அதற்கும் கீழே நிமிடமும் நொடியுமாகக் குறைந்துகொண்டே வரும் கடிகாரம், ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’ என்ற எச்சரிக்கை. அடிக்கப்பட்ட அந்த 7,999 பெட்டியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையாகவே இருக்கலாம். அதற்கு மேல் விற்கக்கூடாது என்று சட்டம் போட்ட உச்சவரம்பு அது. அந்த விலைக்குத்தான் பொருள் விற்றது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஆண்டு முழுவதும் அந்த மிக்ஸி 3,000 ரூபாய்க்கே விற்றிருந்தால், பண்டிகைச் சலுகை என்பது ஒரே ஒரு ரூபாய். திரையில் உள்ள எண்கள் எல்லாமே சரி, கழித்தல் கணக்கும் சரி. ஆனாலும் பார்ப்பவர் மனதில் ஐயாயிரம் ரூபாய் மிச்சம் என்ற நம்பிக்கை விழுகிறது. அந்த நம்பிக்கையை விதைப்பதற்காகவே அந்த எண்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

இதைப் பொய் என்று சொல்லத் தயங்குபவர்கள், பொய் என்பது சொல்லில் மட்டும் இருப்பதாக எண்ணுகிறார்கள். திருவள்ளுவர் அப்படி எண்ணவில்லை. வாய்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வாய்மை எது என்று கேட்டுக்கொண்டு, பிறருக்குச் சிறிதும் தீங்கு தராத சொல்லே அது என்று விடை தருகிறார். அடுத்த குறளில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். உள்ளதை உள்ளபடி சொன்னோமா என்பதோடு அவர் அளவுகோல் நிற்கவில்லை. கேட்டவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அது அளக்கிறது. அப்படியானால் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தும், கேட்டவரின் பணத்தைப் பறிக்கவென்று அமைக்கப்பட்ட வாசகம் வாய்மை ஆகாது. இதற்கு முந்தைய அதிகாரம் கள்ளாமை. அடுத்தவர் பொருளை வஞ்சனையால் கவர்ந்துகொள்ளலாம் என்று உள்ளத்தால் நினைப்பதே தீது என்று அங்கே சொல்கிறார். பூட்டை உடைப்பவன் பொருளை மட்டும் எடுக்கிறான். ஏமாற்றுபவன் முதலில் நம் தீர்மானத்தை எடுத்துக்கொள்கிறான். பொருளை நம் கையாலேயே கொடுக்க வைக்கிறான்.

இந்த இரண்டு அதிகாரங்களும் துறவறவியலில் இருப்பவை, துறவிக்குச் சொன்னதை வியாபாரியின் தலையில் ஏற்றலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இல்லறவியலில் வரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகருக்கே உரியது. பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்வதே வாணிகம் செய்வோருக்கு நல்ல வாணிகம் என்பது அதன் கருத்து. ஈகை, அன்பு என்று உயர்ந்த எதையும் வியாபாரியிடம் அவர் கேட்கவில்லை. கேட்பது நடுவுநிலைமை மட்டுமே. லாபம் வரட்டும், ஆனால் தட்டு ஒரு பக்கம் சாயக்கூடாது. விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்கு மறைக்கப்படும் ஒவ்வொரு செய்தியும் தராசைச் சாய்க்கிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போதும் அவர்கள் செல்வத்தோடு நிறுத்தவில்லை. வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமல், கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமல், விலையைப் பலரறியச் சொல்லி விற்றவர்கள் என்பதையும் புகழாகச் சேர்க்கிறார். விலையை மறைக்காமல் இருப்பது சங்க காலத்திலேயே பாடத்தக்க பெருமையாக இருந்திருக்கிறது.

வெளியுலகின் அறநூல்களிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. ரோமாபுரியின் சிசரோ கி.மு. 44-இல் எழுதிய ‘கடமைகள்’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு கதை வருகிறது. சிராக்யூஸ் நகரில் பித்தியஸ் என்ற வட்டிக்கடைக்காரர் இருந்தார். அங்கே வந்திருந்த கேனியஸ் என்ற ரோமானியர் ஒரு தோட்டம் வாங்க விரும்பினார். பித்தியஸ் தம் தோட்டத்துக்கு அவரை விருந்துக்கு அழைத்துவிட்டு, மீனவர்களைக் கூப்பிட்டு, மறுநாள் தோட்டத்துக்கு எதிரே வந்து மீன் பிடிக்கச் சொல்லிவைத்தார். விருந்தன்று கண் எட்டும் தூரமெல்லாம் படகுகள். மீனவர்கள் ஒவ்வொருவராக வந்து பிடித்த மீனைப் பித்தியஸின் காலடியில் கொட்டினார்கள். ஊரின் மீனெல்லாம் இங்கேதான் கிடைக்கிறது என்றார் அவர். கேனியஸ் வற்புறுத்தி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார். மறுநாள் ஒரு படகும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்டால், இங்கே யாரும் மீன் பிடிப்பதே இல்லை, நேற்று இவ்வளவு படகுகள் ஏன் வந்தன என்று எனக்கே வியப்பாக இருந்தது என்கிறார். அப்போது கேனியஸுக்கு வழக்குப் போடவும் வழியில்லை. இப்படிப்பட்ட வஞ்சகத்துக்கான சட்ட நடைமுறையை அக்கிலியஸ் என்ற சட்ட அறிஞர் அதன் பிறகுதான் வகுத்தார். வஞ்சகம் என்றால் என்ன என்று கேட்டபோது அவர் சொன்ன விளக்கம், ஒன்றைக் காட்டி வேறொன்றைச் செய்வது என்பதே. ‘இந்தப் பொருளை இப்போது பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று திரையில் ஓடும் பொய்யான வரி, சொல்லிவைத்து வரவழைத்த அந்தப் படகுகளின் வழித்தோன்றல்தான்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் தவறாக வழிநடத்தும் விளம்பரமாகவே கொள்கிறது. மௌனமும் ஏமாற்றாகலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 2023 நவம்பரில் அந்த ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையக் கடைகள் கையாளும் 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்தன. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, கட்டணத்தைக் கடைசிக் கட்டம் வரை மறைத்துவைப்பது, ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இனி எதிர்வாதங்கள். விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் செய்வார்கள், அது எல்லாருக்கும் தெரியும், பிறகு யார் ஏமாறுகிறார்கள் என்பது முதல் வாதம். யாருமே நம்பாத ஒன்றுக்காக எந்த வியாபாரியும் லட்சக்கணக்கில் செலவழிப்பதில்லை. நம்புகிறவர்கள் இருப்பதால்தான் அந்தக் கடிகாரம் ஓடுகிறது. யார் அவர்கள்? முதன்முதலாக இணையத்தில் வாங்கும் பெரியவர். பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுக்க ஓய்வூதியத்தை எண்ணி வைத்திருப்பவர். போனஸ் பணம் தீர்வதற்குள் வீட்டுக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கிவிடத் துடிக்கும் தொழிலாளி. விவரம் தெரிந்தவர் தப்பித்துக்கொள்ள, தெரியாதவரின் காசில் ஓடும் ஏற்பாட்டை ‘எல்லாருக்கும் தெரியும்’ என்ற ஒரு சொல்லால் நியாயப்படுத்த முடியாது.

பேராசைப்பட்டதால்தானே ஏமாந்தார் என்பது இரண்டாவது வாதம். இதுவே மிகவும் கொடியது, ஏனென்றால் ஏமாந்தவரின் வீட்டுக்குள்ளேயே இது ஒலிக்கிறது. வள்ளுவர் வெஃகாமை அதிகாரத்தில் கண்டிக்கும் ஆசை பிறர் பொருளின்மேல் வைக்கும் ஆசை. உழைத்த காசைச் சிக்கனமாகச் செலவழிக்க நினைப்பவரிடம் அந்த ஆசை இல்லை. சில இடங்களில் பேராசையும் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். 80,000 ரூபாய்க் கைப்பேசி 8,000-க்குக் கிடைக்கும் என்று ஒருவர் நம்பியது அவருடைய பலவீனம். அதைத் தெரிந்துகொண்டு, பெரிய கடையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் கட்டியது இன்னொருவரின் குற்றம். பலவீனத்தைக் குற்றத்திலிருந்து கழிக்க முடியாது. மேலும், பல மோசடிகளில் ஆசைக்கே இடமில்லை. ‘உங்கள் பார்சல் முகவரிப் பிழையால் நிற்கிறது, 5 ரூபாய் கட்டுங்கள்’ என்ற குறுஞ்செய்தியும், ‘பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்ற அழைப்பும் நம் ஒழுங்கான பழக்கத்தையே பயன்படுத்துகின்றன. ஏமாந்தவரைப் பழிக்கும் சமூகம் அவர் வாயை அடைக்கிறது. அவர் சொல்லாமல் போவதால் அடுத்த வீட்டுக்காரரும் அதே வலையில் விழுகிறார்.

எல்லாரும் செய்யும்போது நான் மட்டும் நேர்மையாக இருந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்பது வியாபாரிகளின் வாதம். அதில் உள்ள வலியை மறுக்க முடியாது. உண்மையான 10 சதவீதம் தரும் கடைக்காரர், பொய்யான 60 சதவீதத்தின் முன்னே தோற்றுப்போகிறார். ஆனால் இது ஏமாற்றுக்கு ஆதரவான வாதம் ஆகாது. ஏமாற்றின் முதல் பலி நேர்மையான வியாபாரியே என்பதைத்தான் காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், விலை குறைத்ததாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தபட்சம் 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். தள்ளுபடிச் சதவீதத்தையும் அந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இப்படித் தெளிவான நாள் கணக்கு நம் சட்டத்திலும் வர வேண்டும். வியாபாரிகளின் சங்கங்களே அதைக் கேட்டால் நேர்மையானவர்களின் கடைகள் பிழைக்கும்.

கடைசியாக ஓர் ஐயம் எஞ்சுகிறது. பண்டிகை என்பது மனம் விரியும் காலம்; ஒவ்வொரு விலையையும் ஒவ்வொரு செய்தியையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அந்த மனத்தைச் சுருக்கிவிடாதா? சுருக்காது என்றே நினைக்கிறேன். நபிகள் நாயகம் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த செய்தியை இஸ்லாமியர் நன்கறிவர். உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபிகள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார். கைவிட்டுப் பார்ப்பது அவநம்பிக்கை ஆகாது. நேர்மையானவரையும் நேர்மையற்றவரையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரித்தறியும் நீதி அது. எனவே வேண்டிய பொருளின் விலையை விற்பனைக்குச் சில வாரங்கள் முன்பே குறித்துவையுங்கள். கடிகாரம் அவசரப்படுத்தினால் ஓர் இரவு தள்ளிப்போடுங்கள். ‘சேதாரம் இல்லை’ என்ற நகைக்கடையில் செய்கூலி எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு என்று கேட்டு மொத்த விலையை ஒப்பிடுங்கள். நகையில் உள்ள 6 இலக்க ஹால்மார்க் அடையாளத்தை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், கடையின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வாரமே சொல்லிவையுங்கள்.

அதையும் மீறி யாராவது ஏமாந்துவிட்டால், ‘உனக்கு புத்தி எங்கே போச்சு’ என்ற கேள்வியை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். கடை ஏமாற்றியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவர். ஏமாந்தவர் தலைநிமிர்ந்து புகார் கொடுக்கட்டும். அவருக்குத் துணை நிற்பது நம் கடமை.