தீவுகளின் ஒளியும் தீர்மானிக்கும் உரிமையும்

ஒருவருக்கு நன்மை செய்யும்போது அவரைக் கேட்டுத்தான் செய்யவேண்டுமா? நன்மைதானே, கேளாமற் செய்தாலென்ன என்பாரும் உளர். இவ்வினாவை ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று எழுப்பிப் பார்ப்போம்.

அங்கிருந்து வள்ளத்திற் செல்லும் அனலைதீவும், அதற்கப்பால் நயினாதீவும் நெடுந்தீவும் நாட்டின் பொது மின்வலையோடு இணையாது, பல்லாண்டுகளாக டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை. விளக்கெரிய எண்ணெய் கடல் கடந்தது. காற்றும் வெயிலுமோ வாசலிலே கிடந்தன.

2021 ஜனவரியில் இத்தீவுகளின் காற்று, சூரிய மின்திட்டத்தைச் சீன நிறுவனமொன்றிடம் ஒப்படைக்க இலங்கை அமைச்சரவை இசைந்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியினுடையது. தமிழகக் கரைக்கு மிக அண்மையென இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் இடைநிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச் 1இல் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம். வல்லரசுப் போட்டியிலும் கோப்புகளின் நடையிலும் மூன்றாண்டுகள் கழிந்தன. அவ்வளவு காலமும் எரிந்தது டீசல்.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. ஒப்பந்தம் கைச்சாத்தான அன்று நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்தானும் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் அவற்றின் காலம் முடிந்துவிட்டது. வட மாகாண சபையின் காலமோ 2018இலேயே முடிந்திருந்தது.

சபை இல்லாவிடின் காற்றாடி சுழலாதா எனச் சிலர் கேட்கலாம். சுழலும். ஆனால் ஒப்பந்தத்தின் கணக்கைப் பாருங்கள்: காற்று 530 கிலோவாற்று, சூரியன் 1,700 கிலோவாற்று, சேமிக்கும் மின்கலங்கள் 2,400 கிலோவாற்று மணி, இவற்றுக்குத் துணையாக நிற்கும் டீசல் 2,500 கிலோவாற்று. புதிய வீட்டிலும் பழைய எசமானுக்குப் பெரிய அறை! நடுப்பகலிற் பெருகும் மின்சாரத்தால் குடிநீர் இறைப்பதா, மீனவருக்குப் பனிக்கட்டி செய்வதா, அன்றி அவ்வேலைகளை இரவுக்குத் தள்ளுவதா என்பதைப் பொறுத்தே அந்த டீசல் உறங்குவதும் விழிப்பதும் அமையும். காபன் புகை குறைவதும் அமையும். இந்த நேர ஒழுங்கைக் கொழும்பிலிருந்து வகுக்க இயலாது. வள்ளங்கள் எப்போது கரை சேரும், கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பதை அறிந்தவரே வகுக்கவேண்டும். பிரதேச சபை தன் சொற்ப வருமானத்திற் காற்றாடி வாங்கவும் இயலாது என்பது அதே அளவு உண்மை. ஆகவே ஊராரைக் கேட்பது வெறும் மரியாதையன்று. வேலையின் பாதி அது.

2025 மே 6இல் தேர்தல் நடைபெற்று, சபைகள் மீண்டும் கூடின. எந்த நேரத்து மின்சாரம் எந்தத் தேவைக்கு என்னும் கேள்வி அவற்றின் மேசைக்கு வரவேண்டும். அதை அனுப்பவேண்டிய கடமை கொழும்பினுடையது.