ஊசியும் ஓர் அமானிதமே

பிறர் ஊசி போடும்போது நாம் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது ஒன்றே. தன் கையாலேயே தன் உடம்பில் ஊசி ஏற்றிக்கொள்பவருக்கோ பொறுமை மட்டும் போதாது. வேறு எந்தக் குணம் வேண்டும்? துணிவு என்பர் பலர். துணிவு முதற்சில நாள்களுக்கே தேவை. அதன்பின் ஆயுள் முழுதும் தேவைப்படுவது நேர்மை.

நீரிழிவு நோயாளரை எண்ணிப் பாருங்கள். இன்சுலின் ஒரு புரதம். வாய்வழி உட்கொண்டால் உணவைப் போலவே செரித்துவிடும். ஆகவே ஊசி தவிர்க்க இயலாததாயிற்று. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. நாள்தோறும் வேண்டிய மருந்துக்கு நாள்தோறும் மருத்துவரைத் தேடிச் செல்ல இயலுமா? ஊசி நோயாளியின் கைக்கே வந்து சேர்ந்தது.

அந்தக் கை அளவு தவறலாகாது. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்ட இன்சுலினும் உண்டு. 100 யூனிட் கொண்டதும் உண்டு. முன்னதற்குரிய ஊசிக்குழலில் பின்னதை நிரப்பினால், உடலிற் சேரும் மருந்து இரண்டரை மடங்காகிவிடும். மிகுந்தால் மயக்கமும் உயிராபத்தும். குறைந்தால் கண்ணும் சிறுநீரகமும் மெல்லமெல்லக் கெடும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் குத்தினாலும் அவ்விடம் தடித்து, மருந்து சரிவர ஏறாது.

இவற்றுக்குச் சாட்சி யார்? விருந்து வீட்டில் கூச்சத்தால் ஒருவேளை ஊசியை விட்டுவிட்டு, "போட்டாயிற்று" என்று வீட்டாரிடம் கூறிவிடலாம். நோன்பும் இத்தகையதன்றோ? மறைவில் ஒரு மிடறு தண்ணீர் அருந்தினால் மனிதர் எவரும் அறியார். இறைவன் ஒருவனே அறிவான்.

வருந்தத்தக்கது யாதெனில், சிலர் நோன்பின் பெயராலேயே ஊசியைக் கைவிடுகின்றனர். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஊட்டம் தருவதற்கன்றி மருந்தாக மட்டும் போடப்படும் ஊசி நோன்பை முறிக்காது எனத் தீர்மானித்தது. நோயுற்றோர் நோன்பை வேறு நாள்களில் நோற்கத் திருக்குர்ஆனே சலுகை வழங்குகிறது. தம் நிலைக்கு எது பொருந்தும், நோன்புக் காலத்தில் மருந்தின் அளவை எவ்வாறு மாற்றுவது என்பவற்றை ரமலானுக்கு முன்பே ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டறிய வேண்டும்.

கண் மங்கியவருக்கும் கை நடுங்குபவருக்கும் பிள்ளைகள் ஊசி போடுவது நற்பணியே. இயன்றவர் தாமே செய்துகொள்வதும் தம்மைத் தாமே வருத்திக்கொள்வதாகாது. உடல் நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் மருந்தை உரிய வேளையில், உரிய அளவில், எவரும் பாராதபோதும் ஏற்றிக்கொள்பவர் அந்த அமானிதத்தைப் பேணுகின்றவரே ஆவார்.