தகடும் வாசற்படியும்

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் ஒரு மாலைப் பொழுதில், பதினைந்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் விரைந்து செல்லக் கண்டோம். எண் தகட்டின்மேல் ஓர் அரசுத் துறையின் பெயர் சிவப்பெழுத்தில் ஒளிர்ந்தது. பணிபுரிபவர் தந்தையாம், பெயரைச் சூடிச் செல்பவன் மகன். ஒருவர் ஆற்றும் தொண்டின் சிறப்பில் அவர்தம் குடும்பத்தார்க்கும் பங்கு உண்டோ என்னும் வினா அன்று நம் உள்ளத்தில் எழுந்தது.

அமெரிக்க நாட்டில் இவ்வினா வேறு வடிவில் உள்ளது. அங்குத் தீயணைப்போரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் ஒரு தீயணைப்புக் குழுவை நிறுவிய காலந்தொட்டு வளர்ந்த மரபு அது. பல மாநிலங்கள் அவர்களுடைய வண்டிகளுக்குத் தனிப் பதிவுத் தகடு வழங்குகின்றன. அச்சிறப்பைக் குடும்பத்தாரின் வண்டிகளுக்கும் நீட்டலாமா என்பதே கேள்வி. நம் நாட்டிலோ தகட்டின் நிறம் வண்டியின் பயனைத்தான் சொல்லும். வெள்ளையாயின் சொந்த வண்டி, மஞ்சளாயின் வாடகை வண்டி. 2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களிலிருந்தும் சிவப்பு விளக்கு அகற்றப்பட்டது. எண் தகட்டில் துறைப்பெயரும் சின்னமும் ஒட்டுவோர்மீது 2024 மே 2 முதல் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. முறையான அறிவிப்பே. ஆயினும் நம் வினா அதனால் தீரவில்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், நாம் இப்பகுதியில் ஆசிரியப் பணி ஆற்றிய காலம். கோடை நள்ளிரவில் ஒரு வைக்கோற்போர் பற்றி எரிந்தது. தீயணைப்பு வண்டி வருமுன் ஊரார் குடமும் வாளியுமாக ஓடினர். நம் மாணவி ஒருத்தியின் தந்தை பக்கத்துத் தொழுவத்தில் புகுந்து மாடுகன்றுகளை அவிழ்த்துவிட்டார். இரு கைகளும் வெந்தன. அவர் புறப்பட்டபோது மனைவி கைக்குழந்தையுடன் வாசற்படியில் நின்றார். போகவேண்டாம் என்று தடுக்கவில்லை.

இரண்டு மாதம் அவரால் வயல்வேலைக்குச் செல்ல இயலவில்லை. அம்மையார் இரவெல்லாம் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கினார். மகள் இலை வெட்டிக் கொடுத்துவிட்டு வகுப்பில் வந்து உறங்கி விழுவாள். காரணம் அறியாமல் நாம் அவளைக் கடிந்துகொண்டோம். ஊர் கூடி அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அம்மையாரை எவரும் நினைக்கவில்லை, நாமும் நினைக்கவில்லை.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்தடையும் என்பது நாம் கற்ற அறம். அவ்வகையில் அந்த அம்மையார்க்குப் பங்கு உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. அது உறவினால் வந்ததன்று. உடன்பட்டுச் சுமந்ததனால் வந்தது. தகடோ இவ்விரண்டையும் பிரித்தறியாது. குலப்பெருமையை எண்வகை மதங்களுள் ஒன்றாகக் குழந்தைகளுக்குக் கற்பித்துவிட்டு, அதையே வண்டியில் ஒட்டிக் கொடுப்பது பொருந்துமா? அச்சிறுவனும் எத்தனை இரவுகள் தந்தைக்காக வாசலில் விழித்திருந்தானோ, நாம் அறியோம். ஆனால் அவ்விழிப்புக்கு ஊர் செய்யவேண்டிய கைம்மாறு வேறு: மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், இரண்டு மாத அரிசி.

உண்மை தெரிந்தபின் வெட்கத்தோடு அவ்வீட்டுக்குச் சென்றோம். அம்மையார் பீடித்தட்டை ஒதுக்கிவைத்துப் பாய் விரித்தார். தீயைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

"பிள்ளை நல்லாப் படிக்காளா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.