தொட்டி ரோஜாவும் வளர்ப்பவர் கடமையும்

மினியேச்சர் ரோஜா பெரும்பாலும் 15 முதல் 45 செ.மீ. வரையே வளரும். பூவின் அகலம் 2 முதல் 4 செ.மீ.; இலை, முள், மொட்டு எல்லாம் அதே விகிதத்தில் சிறுத்திருக்கும். போன்சாய் மரத்தைப் போல வேரை நறுக்கி, கிளையைக் கம்பியால் கட்டி இதைக் குள்ளமாக்குவதில்லை. குள்ளத்தன்மை பிறவியிலேயே உள்ளது. வயலில் நட்டாலும் ஓர் அளவுக்குமேல் உயராது. ஆகவே செடியைக் குறுக்கியது தவறா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. வேறொரு கேள்வி எழுகிறது. ஓர் உயிரைத் தரையிலிருந்து பிரித்து ஒரு சாண் தொட்டிக்குள் வைப்பவருக்கு அதனிடம் கடமை உண்டா? உண்டென்றால் அந்தக் கடமை எங்கிருந்து வருகிறது?

இந்தச் செடியின் வரலாறு முழுவதும் மனிதர் கையோடு பிணைந்தது. சீன ரோஜாவின் குள்ள வகைகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் தொட்டிச்செடிகளாக விரும்பி வளர்க்கப்பட்டன. பிறகு மக்களின் ரசனை மாறியது. அவை அநேகமாக மறைந்துபோயின. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் ரூலே என்ற சுவிட்சர்லாந்து ராணுவ அதிகாரி, ஜூரா மலைப்பகுதிக் கிராமம் ஒன்றின் சன்னலோரத் தொட்டிகளில் ஒரு குள்ள ரோஜாவைக் கண்டார். ஜெனீவாவைச் சேர்ந்த தாவர வல்லுநர் ஹென்றி கொரெவோன் அதைப் பெருக்கி, கண்டவர் நினைவாக ரோசா ரூலெட்டி என்று பெயரிட்டார். ஹாலந்தின் யான் டி விங்க் அதிலிருந்து உருவாக்கிய சிவப்பு வகை 1936இல் டாம் தம்ப் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. ஸ்பெயினில் பெத்ரோ தோத்தும், 1937இல் கலிபோர்னியாவின் வைசேலியாவில் நர்சரி தொடங்கிய ரால்ஃப் மூரும் அந்த வம்சத்தைப் பெருக்கினார்கள். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னால், பெயர் தெரியாத கிராமத்துக் குடும்பங்கள் தண்ணீர் ஊற்றியும் போத்து நட்டும் அதைக் காத்து வந்தன. அந்த உழைப்பு இல்லாவிட்டால் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

கடமையைப் பற்றிய விவாதம் வழக்கமாக உணர்விலிருந்து தொடங்கும். இந்த அளவுகோல் தமிழுக்கு மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஆறு படிகளாக வகுத்து, தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லையும் மரத்தையும் முதற்படியில் வைக்கிறது. சமணம் இதே பாகுபாட்டை ஒழுக்க விதியாகவே ஆக்கியது. சமணத் துறவி பச்சை இலையைக் கிள்ளக்கூடாது; இல்லறத்தார் தேவைக்கு மேல் ஓரறிவுயிருக்குத் தீங்கு செய்யக்கூடாது. அரிஸ்டாட்டில் செடிக்கு உயிர் உண்டு என்றார்; உணர்வு உண்டு என்று ஏற்கவில்லை. உண்பது, வளர்வது, பெருகுவது ஆகியவற்றோடு அதன் ஆற்றல் முடிந்துவிடுவதாக அவர் கருதினார். கான்ட் 1797இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில், இயற்கையின் அழகை வீணாக அழிப்பவன் தன்னுடைய அறவுணர்வையே தேய்த்துக்கொள்கிறான் என்று வாதிட்டார். அவர் பார்வையில் அந்தக் கடமை மனிதன் தனக்கே செலுத்துவது. செடிக்கு அதில் பங்கில்லை.

குட்டி ரோஜா மறுபடி கண்டெடுக்கப்பட்ட சுவிட்சர்லாந்து இந்த விவாதத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுபோனது. உயிர்களின் கண்ணியத்தை மதிக்கவேண்டும் என்ற சொற்றொடர் அந்நாட்டு அரசமைப்பில் இருக்கிறது. அது செடிகளுக்கும் பொருந்துமா என்று ஆராய்ந்த அரசின் அறநெறிக் குழு 2008இல் அறிக்கை வெளியிட்டது. பல கேள்விகளில் உறுப்பினர்கள் கருத்து மாறுபட்டார்கள். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்: சாலையோரக் காட்டுப்பூவின் தலையைக் காரணமின்றி அடித்துத் துண்டிப்பது போன்ற செயல்கள் தவறு. 1915இல் ஆப்பிரிக்காவின் ஓகோவே ஆற்றில் பயணம் செய்தபோது உயிரைப் போற்றும் அறம் என்ற கருத்தை அடைந்த ஆல்பர்ட் ஷ்வைட்சரும் ஏறத்தாழ இதையே சொன்னார். மாட்டுக்காக வயலில் ஆயிரம் பூக்களை அறுக்கும் உழவர், வீடு திரும்பும் வழியில் ஒரு பூவைக்கூட விளையாட்டாகப் பறிக்கக்கூடாது என்பது அவர் நிலை.

இவை எல்லாமே வெட்டுவது, கிள்ளுவது, பறிப்பது பற்றிப் பேசுகின்றன. தொட்டி ரோஜா சாவது பெரும்பாலும் அப்படி அல்ல. அது கவனிப்பாரற்றுச் சாகிறது. செடிக்கு வலிக்குமா என்ற கேள்வி இன்னும் பல நூற்றாண்டுகள் நீளக்கூடும். அதற்கு முடிவு தெரியும்வரை காத்திராமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் செடிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தரையில் நிற்கும் ரோஜாவுக்கு ஆதாரங்கள் பல. மேல்மண் காய்ந்தால் வேர் ஆழத்துக்குப் போகும், மழை பெய்யும், சருகு மட்கும், மண்புழு மண்ணைக் கிளறும். 20 செ.மீ. தொட்டியில் இவை அனைத்தையும் ஒரே ஆள் ஈடுசெய்ய வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தொட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். வெயில் படும் பக்கம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். உள்ளே வேர்நுனிகள் அந்தச் சுவரை ஒட்டித்தான் சுற்றிக்கொண்டிருக்கும். தேங்காய் நார்க்கழிவு ஒருமுறை முற்றும் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டிச் சுவரிலிருந்து விலகிவிடும். அதன்பின் பூவாளியால் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே இறங்கி அடித்துளையில் ஓடிவிடும். தட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஊற்றியவர் திருப்தியோடு போய்விடுவார்; நடுவில் வேர்ப்பந்து பொடியாகக் காய்ந்து கிடக்கும். அப்போது தொட்டியையே ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைக்கவேண்டும்.

சீன ரோஜாவின் மரபு இந்தச் சார்பை இன்னும் கூட்டுகிறது. காட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை பூத்து ஓய்கின்றன. பூப்பதை அடக்கிவைக்கும் மரபணு ஒன்றில் வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்ததால்தான் சீன ரோஜா திரும்பத் திரும்பப் பூக்கிறது. குட்டி ரோஜாவுக்கும் அந்தப் பண்பு அங்கிருந்தே வந்தது. மனிதர்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். ஓயாமல் பூக்கும் செடி ஓயாமல் உரம் கேட்கும். தொட்டியில் உள்ள ஒரு பிடி மண் அதைத் தாங்காது. மாதமொருமுறையாவது மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இடவேண்டும். இரண்டு ஆண்டுக்கொருமுறை மண்ணை மாற்றவேண்டும். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கோடையில் உச்சிப்பொழுதுக்கு மட்டும் நிழல் தேவை.

ஆகவே கடமையின் வேர் செடியின் உணர்வில் இருக்கவேண்டியதில்லை. ஓர் உயிரின் மற்ற ஆதாரங்களை அறுத்தவர், அறுத்த அளவுக்கு அதற்கு ஆதாரமாகிறார். காட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றாதவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தொட்டி ரோஜாவை மாடியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பத்து நாள் ஊருக்குப் போகிறவர் செய்வது குற்றமே.

அறிவுப் படிகளை மட்டும் நம்பினால் வரும் சிக்கல் செம்பேன் விஷயத்தில் தெரியும். வறண்ட வெப்பத்தில் இலையின் அடிப்புறம் நுண்ணிய வலை பின்னி, சாற்றை உறிஞ்சி, இலையை வெளிறச் செய்யும் பூச்சி அது. எந்தப் படியில் வைத்தாலும் அதன் இடம் ரோஜாவுக்கு மேல்தான். அப்படியானால் ஒரு ரோஜாவுக்காக நூறு பேன்களைக் கொல்வது நியாயமாகாது. செடியைக் கைவிடுவதே அறம் என்று ஆகும். பொறுப்பை அளவாகக் கொண்டால் முடிவு மாறும். பேனைத் தொட்டிக்குள் அழைத்தவர் யாருமில்லை. ரோஜாவை வைத்தவர் இருக்கிறார். அதற்காகக் கொலையை முதல் வழியாகக் கொள்ளவேண்டியதும் இல்லை. இலைகளின் அடிப்புறத்தில் சில நாள் தொடர்ந்து தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலான பேன்கள் கழுவுண்டு போகும். அதற்கும் அடங்காதபோது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். தீங்கு தவிர்க்க முடியாதபோது அதைச் சிறிதாக்கு என்ற சமண இல்லற நெறி இங்கே நன்றாகவே வழிகாட்டுகிறது.

கவாத்து இன்னும் கடினமான இடம். வாடிய பூவை அடுத்த முழு இலைக்கு மேல் நறுக்கினால் சில வாரங்களில் புதுத் தளிரும் மொட்டும் வரும். நறுக்காமல் விட்டால் காய் பிடிக்கும். செடியின் பலம் விதைக்குப் போகும். ஒவ்வோர் உயிருக்கும் அதற்கே உரிய ஒரு நன்மை உண்டு என்று பால் டெய்லர் 1986இல் வெளியான நூலில் வாதிட்டார். அந்த நோக்கில் விதையே செடியின் நன்மை; வளர்ப்பவர் அதைத் தன் கண்ணின் இன்பத்துக்காகத் தடுக்கிறார். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் உலர்ந்த குச்சியையும் கரும்புள்ளி விழுந்த இலையையும் அகற்றுவது செடிக்கே நல்லது. ஆண்டுக்கொருமுறை சில காய்களை முற்றவிடுவதால் வளர்ப்பவருக்கு இழப்பும் பெரிதல்ல.

பூசைக்குப் பறிப்பது பற்றிச் சமயங்கள் ஒத்துப்போகவில்லை. சைவமும் வைணவமும் பூத்தொண்டைப் பெரும்பேறாகக் கொண்டன. திருப்புகலூரில் முருக நாயனாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் அதற்காகவே போற்றப்படுகிறார்கள். திகம்பர சமணருள் தேராபந்த் பிரிவினர் பூசையில் பூவே சேர்ப்பதில்லை. பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒருவரான தொண்டரடிப்பொடியின் பணி பறிப்பது மட்டும் அன்று; நந்தவனம் வளர்த்து, நீர் இறைத்து, பிறகுதான் மாலை கட்டினார். வளர்த்த கை பறிப்பதற்கும் வேலியோரத்தில் பறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மரபு அறிந்தே இருந்தது.

போத்து நடுவது வேறொரு பழைய புதிரை எழுப்புகிறது. பென்சில் அளவுக்கும் மெலிந்த குச்சியை மணலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் விடும். பெரும்பாலான குட்டி ரோஜாக்கள் ஒட்டுக்கட்டாமல் இப்படிச் சொந்த வேரிலேயே வளர்க்கப்படுகின்றன. ஒரு செடியிலிருந்து பத்துச் செடி வந்தால், முதலில் இருந்தது ஓர் உயிரா, பத்தா? வெட்டிய பின்னும் வாழும் செடிகளைப் பற்றி யோசித்த அரிஸ்டாட்டில், நிலையில் ஒன்று, ஆற்றலில் பல என்றார். சமணம் தாவரங்களையே இரண்டாகப் பிரித்தது: உடலுக்கு ஓர் உயிர் உள்ளவை, ஓருடலில் எண்ணற்ற உயிர்கள் குடியிருப்பவை. கிழங்குகள் இரண்டாம் வகை. அதனால்தான் சமணர் பலர் அவற்றை உண்பதில்லை. எந்த விளக்கத்தை ஏற்றாலும் நடைமுறையில் ஒன்று உறுதி. தாய்ச்செடி மூத்துத் தளரும்முன் போத்து எடுத்து நடுகிறவர், அந்தச் சன்னலோரக் குடும்பங்கள் செய்ததையே செய்கிறார்.

கடைசியாக, வேண்டாத செடி. ஐரோப்பியக் கடைகளில் பரிசுப்பொருளாக விற்கும் குட்டி ரோஜாத் தொட்டியில் பெரும்பாலும் மூன்று நான்கு போத்துகள் நெருக்கி நடப்பட்டிருக்கும்; பூ உதிர்ந்ததும் தொட்டியோடு குப்பைக்குப் போகும். வாங்கியவர் வேர்ப்பந்தை நனைத்து, செடிகளைப் பிரித்து, தனித்தனித் தொட்டிகளில் நட்டால் அவை பல ஆண்டுகள் வாழக்கூடியவை. வைத்துக்கொள்ள இடமோ நேரமோ இல்லாதவர் தரையில் நடலாம், வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். நோய் முற்றிப் பிழைக்காது என்று தெரிந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதில் தவறில்லை. அந்த மண்ணை மற்றத் தொட்டிகளில் கலக்காமல் இருந்தால் போதும்.