ஏழு சென்டிமீட்டர் ஜன்னல்

அகிரா குரோசவாவின் 'ஹை அண்ட் லோ' 1963 மார்ச்சில் ஜப்பானில் வெளியானது. எட் மெக்பெய்ன் எழுதிய 'கிங்ஸ் ரான்சம்' என்ற அமெரிக்க நாவலின் கருவை எடுத்து யோகோஹாமாவின் மண்ணில் ஊன்றிய படம். குன்றின் மேல் ஒரு வீடு. அதில் செருப்புக் கம்பெனி இயக்குநர் கோண்டோ. அவர் மகன் என்று நினைத்து டிரைவரின் மகனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான் ஒருவன். ஆள் மாறிப்போனது தெரிந்த பிறகும் கேட்ட தொகையிலிருந்து அவன் இறங்கவில்லை. மூன்று கோடி யென். கோண்டோவிடம் பணம் இருக்கிறது. ஆனால் அது வீட்டையும் அடகு வைத்துத் திரட்டிய பணம், கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டுவரும் பங்குகளை வாங்குவதற்காக. கொடுத்தால் தெருவுக்கு வர வேண்டியதுதான். அடுத்தவர் பிள்ளைக்காக அதைச் செய்வாரா?

துப்பறியும் கதையில் குற்றவாளி யார் என்ற கேள்வி வரும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. படம் உயர்ந்து நிற்பது அங்கேதான்.

*

முதல் பாதியின் பெரும்பகுதி ஒரே கூடம். சோபா, தொலைபேசி, பெரிய கண்ணாடிச் சுவர், திரைச்சீலை. இவ்வளவையும் டோஹோஸ்கோப் என்ற அகலத்திரையில், 2.35-க்கு 1 என்ற அளவில் எடுத்திருக்கிறார்கள். பாலைவனத்துக்கும் போர்க்களத்துக்கும் உரியது என்று நாம் நினைக்கும் அகலத்தை ஒரு கூடத்துக்குக் கொடுத்திருக்கிறார் குரோசவா.

ஏன் என்பது பார்க்கப் பார்க்கப் புரிகிறது. நடுவில் கோண்டோ, டோஷிரோ மிஃபுனே. ஒரு பக்கம் மனைவி. இன்னொரு பக்கம் போலீஸ்காரர்கள். ஓரத்தில், கிட்டத்தட்டச் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவராக, டிரைவர் அவோக்கி. அவர் அதிகம் பேசுவதில்லை. குனிந்த முதுகுதான் தெரிகிறது. கோண்டோ சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்த முதுகில் போய் விழுவதை நாம் பார்க்கிறோம். யாருக்கும் அண்மைக் காட்சி தேவைப்படவில்லை.

இந்தப் படத்தைப் பழைய சதுர டிவிக்காக இரு பக்கமும் வெட்டினால், பிரேமில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். அந்த 43-ல்தான் அவோக்கி நிற்கிறார்.

*

டிஸ்க்கின் தரம் என்றால் பளபளப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தப் படத்தில் அது கதையின் பகுதி. இங்கே துப்பு கிடைப்பதே கண்ணாலும் காதாலும்தான். போலீஸ் கடத்தல்காரனின் தொலைபேசிப் பேச்சை டேப்பில் பிடித்து, மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்கிறது. குரலுக்குப் பின்னால் மெல்லிய ஒரு வண்டிச் சத்தம். ரயில்வே ஊழியர் ஒருவர் கேட்டுவிட்டு, இது எனோடென் என்ற ரயில் பாதையில் ஓடும் வண்டி என்கிறார். தேடும் வட்டம் அந்த நொடியில் சுருங்குகிறது.

அந்தச் சத்தம் பார்வையாளர் காதில் இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்துபோனால், ரயில்வேக்காரர் சொல்வதை நம்புவதைத் தவிர நமக்கு வழியில்லை. சத்தம் தெளிவாக இருந்தால் நாமும் அந்த அறையில் உட்கார்ந்து துப்பறிகிறோம்.

*

கொஞ்சம் எண்கள்.

கிரைடீரியன் நிறுவனம் இந்தப் படத்தை 1998-ல் முதலில் டிவிடியாக வெளியிட்டது. அவர்களுடைய வரிசையில் 24-ஆம் எண். படத்தின் அகலம் குறையவில்லை. ஆனால் மேலும் கீழும் கருப்புப் பட்டை போட்டு சதுரத் திரைக்கு ஏற்ப அடைத்த பதிவு. அமெரிக்க டிவிடியில் மொத்தம் 480 கோடுகள். இந்த முறையில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 272. மீதி எல்லாம் கருப்பு. 2008-ல் புதிய பதிவோடு இரண்டு டிஸ்க்குகளாக மறுபடி வந்தது. அகல டிவிக்காக அனமார்பிக் முறையில் பதிவு செய்தால் படத்துக்கு 360-க்கு மேல் கோடுகள் கிடைக்கும். 2011-ல் ப்ளூ-ரே. அதில் படத்துக்கு மட்டும் 800-க்கு மேல்.

272-க்கும் 800-க்கும் நடுவில் இருப்பது என்ன? அவோக்கியின் முகம். சட்டகத்தின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு நிற்கும் ஒரு மனிதனின் கண் எங்கே பார்க்கிறது என்பது 272 கோடுகளில் தெரியாது.

*

கோண்டோ கடைசியில் கொடுக்க முடிவு செய்கிறார். பணத்தை இரண்டு பெட்டிகளில் போட வேண்டும், ஒவ்வொன்றின் தடிமனும் ஏழு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறான் கடத்தல்காரன். எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. போலீஸ் இரண்டு வகைப் பொடியைப் பெட்டிக்குள் மறைத்து வைக்க நினைக்கிறது. ஒன்று நனைந்தால் நாற்றமடிக்கும். மற்றது எரித்தால் நிறமுள்ள புகை விடும். பெட்டியின் தோலைப் பிரித்து, உள்ளே வைத்து, தெரியாமல் திரும்பத் தைக்க வேண்டும்.

கோண்டோ எழுந்து போய்த் தன் பழைய கருவிப் பெட்டியை எடுத்து வருகிறார். தொழில் பழகிய காலத்துக் கருவிகள். தரையில் உட்கார்ந்து தைக்கத் தொடங்குகிறார். அதுவரை கையை வீசி அதட்டிக்கொண்டிருந்த மனிதரின் விரல்கள் தோலைத் தொட்டதும் அடங்கிவிடுகின்றன. ஊசி, நூல், குனிந்த தலை. சுற்றி நிற்கும் போலீஸ்காரர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவிக்கிறார்கள். பணத்தைக் கொடுத்துத் தன்னையே அழித்துக்கொள்ளப் போகிறவர், தான் கற்ற முதல் வேலையைக் கொண்டே அதற்கு உதவுகிறார். துப்பறியும் படங்களில் இதைவிடப் பெரிய காட்சி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்தது ரயில். கோடாமா விரைவு வண்டியில் எந்த ஜன்னலும் திறக்காது. கழிவறை ஜன்னல் மட்டும் ஏழு சென்டிமீட்டர் திறக்கும். பணப்பெட்டிகள் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்த படம் இங்கே பாய்கிறது. உண்மையான ஓடும் ரயிலில், பல கேமராக்களைக் கொண்டு எடுத்தது. பாலத்தின் அடியில் நிற்கும் உருவங்களைப் போலீஸ்காரர்கள் 8 மி.மீ. கேமராவில் பிடிக்கிறார்கள். அவர்கள் பார்ப்பதும் குலுங்கிய, மணி மணியான படம்தான். தெளிவில்லாத படத்திலிருந்து உண்மையை எடுப்பது எவ்வளவு கடினம் என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது.

*

கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஒரு இடத்தில் நிறம் வருகிறது. ஊருக்கு மேல், ஒரு புகைபோக்கியிலிருந்து, இளஞ்சிவப்புப் புகை. குரோசவாவின் முதல் வண்ணப்படம் 'டோடெஸ்காடென்' வந்தது 1970-ல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் திரையில் அனுமதித்த நிறம் இவ்வளவுதான்.

டிவியில் நிறத்தைக் கூட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புகை மிட்டாய் நிறத்தில் தெரியும். மலிவான நகலில் சதுரம் சதுரமாக உடையும். நல்ல பதிவில் அது சாம்பல் வானத்தில் மெல்ல ஏறுகிறது. முதலில் நம் கண்ணையே சந்தேகிக்கிறோம். அந்தச் சந்தேகம் ஒரு நொடியாவது இருக்க வேண்டும்.

*

இரண்டாம் பாதியில் டட்சுயா நகடாயின் இன்ஸ்பெக்டர் டொகுரா கதையை எடுத்துக்கொள்கிறார். வியர்வை வழியும் கூட்டங்கள், அறிக்கைகள், நடந்து நடந்து விசாரிக்கும் துப்பறியும் போலீஸ்காரர்கள். பலர் இதை நீளம் என்பார்கள். எனக்கு அலுப்பதில்லை. ஒரு நகரம் தெருத் தெருவாகத் திறக்கிறது.

என் மனம் ஒப்பாத இடம் வேறு. ஆள் யார் என்று தெரிந்த பிறகும் டொகுரா அவனைப் பிடிக்காமல் விட்டுப் பின்தொடர்கிறார். கடத்தலுக்கு மட்டும் என்றால் தண்டனை போதாது, அவன் செய்த கொலைக்கும் சேர்த்து மாட்ட வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கின் நடுவில், போதைக்கு அடிமையான ஒரு பெண் அவன் கையால் செத்துப்போகிறாள். போலீஸ் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று படம் நின்று கேட்டிருக்க வேண்டும். டிரைவர் மகனின் உயிருக்கு விலை கேட்ட படம், இவளைத் தாண்டிப் போய்விடுகிறது.

அந்தப் பெண் வரும் சந்துக் காட்சிகள் இருட்டால் ஆனவை. கடத்தல்காரனாக நடிக்கும் சுடோமு யமசாகியின் கறுப்புக் கண்ணாடியில் விளக்கொளி இரண்டு புள்ளிகளாக நகர்கிறது. சுவரோரம் சரிந்து கிடக்கும் உடல்கள் கருப்புக்குள் இன்னொரு கருப்பாக இருக்கின்றன. மோசமான பதிவில் அந்த உடல்களே காணாமல் போகும். அந்தப் பெண்ணைப் படம் தாண்டிப்போவது ஒரு குறை. தேய்ந்த நகலில் அவளைச் சுற்றியுள்ளவர்களும் மறைந்துபோவது அதைவிடப் பெரிய குறை.

*

ப்ளூ-ரேயில் ஃபிலிமின் மணிகள் (கிரெயின்) அப்படியே இருக்கின்றன. அவற்றை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தெடுத்த வெளியீடுகள் எத்தனையோ படங்களின் முகங்களை மெழுகாக்கியிருக்கின்றன. இங்கே மிஃபுனேயின் கன்னத்து வியர்வை வியர்வையாகவே இருக்கிறது. நான்கு தட ஒலி. தொலைபேசி மணி அறையின் ஒரு மூலையிலிருந்து வருகிறது. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்புகின்றன.

கடைசிக் காட்சியில் கோண்டோவும் குற்றவாளியும் கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் உட்காருகிறார்கள். ஒருவர் முகத்தின் மேல் மற்றவரின் பிம்பம் படிகிறது. யாருடைய முகம் எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியாதபடி ஒளியை வைத்திருக்கிறார்கள். கருப்பும் வெள்ளையும் கொஞ்சம் தடுமாறினாலும் அந்தப் பிம்பம் வெறும் மங்கலாகிவிடும்.

*

பார்க்கப் போகிறவர்களுக்கு: முடிந்தால் ப்ளூ-ரேயில் பாருங்கள். டிவியில் 'ஜூம்' போட்டுக் கருப்புப் பட்டையை மறைக்காதீர்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும், மணிகளைத் துடைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். நிறத்தைக் கூட்டாதீர்கள். அறை விளக்கையும் அணைத்துவிட்டு, 143 நிமிடங்களையும் ஒரே மூச்சில் பாருங்கள்.