உச்சிவெயிலுக்குக் காத்திருப்போர்



பொதுக்காலம் ஐந்தாம் ஞாயிறான இன்றைய நற்செய்தியில் சீமோன் பேதுருவும் கூட்டாளிகளும் கரையில் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இரவெல்லாம் கெனசரேத்து ஏரியில் கிடந்தும் ஒரு மீன்கூடப் படவில்லை. அங்கே வலைபோட ஏற்ற நேரம் இரவு. விடிந்த பிறகு, தச்சர் வீட்டுப் பிள்ளை ஒருவர் வந்து, ஆழத்துக்குப் போய் வலையை இறக்கச் சொல்கிறார். தொழில் தெரிந்தவனுக்கு இதைவிட எரிச்சல் வேறு இருக்குமா? ஆனாலும் சீமோன் போகிறார்.

இந்தப் பகுதிக்கு எத்தனையோ மறையுரை கேட்டிருப்பீர்கள். மீன் குவிந்ததையும் வலை கிழியப்போனதையும்தான் பெரும்பாலும் பேசுகிறோம். நான் நேரத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும். அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா மாநில எல்லையில் கிரேட் ஸ்மோக்கி மலை இருக்கிறது. அதன் ஓடைகளில் ட்ரவுட் மீன் வாழ்கிறது. ஊட்டிப் பக்கம் போனவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-லேயே இதற்கென்று குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஆண்டு முழுவதும் தூண்டில் போடலாம். ஆனால் புழு கோக்கக் கூடாது. செயற்கை இரைதான், அதுவும் ஒற்றைக் கொக்கியில். இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டிய அந்த இரையை ‘ஃப்ளை’ என்பார்கள்.

கோடையில் விடியற்காலையில் போய் மீன் பிடித்தவர், பிப்ரவரியிலும் அதே நேரத்துக்குப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். ட்ரவுட்டுக்குத் தன் உடம்புக்கென்று தனிச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு குளிரோ அவ்வளவுதான் அதன் உடம்பும். தண்ணீர் 4 டிகிரி செல்சியசுக்கு இறங்கும்போது செரிமானம் மந்தமாகிவிடும், ஓட்டத்தை எதிர்த்து நிற்கத் தெம்பு போதாது. ஆழமான மடுவின் அடியில், பாறை மறைவில் போய் ஒடுங்கிக்கொள்ளும். வாய்க்கு நேராக வந்தால் கவ்வும்; சற்றுத் தள்ளிப் போனால் விட்டுவிடும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஓடையில் மீனே இல்லை என்றுதான் தோன்றும்.

விவரம் தெரிந்த தூண்டில்காரர் வெயில் தண்ணீரில் விழும் நேரம் பார்த்து, உச்சிப்பொழுதை ஒட்டித்தான் வருவார். வந்ததும் தூண்டிலை எடுக்க மாட்டார். வெப்பமானியை ஓடையில் போட்டுப் பார்ப்பார். வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாறுவதில்லை; உச்சியில் பனி கிடந்தால் வெயில் ஏற ஏற அது உருகி இறங்கி, இதமான பிற்பகலிலும் ஓடையைச் சில்லிட வைக்கும். பிறகு, எடை கூட்டிய ஃப்ளையை மடுவின் அடிவரை இறங்கவிட்டு, அங்குள்ள நீர் போகும் வேகத்திலேயே போகவிடுவார். ஒரே மடு, ஒரே பாறையோரம், திரும்பத் திரும்ப. மீன் கவ்வினால் வெடுக்கென்ற இழுப்பெல்லாம் இருக்காது. நூல் லேசாகத் தயங்கும், அவ்வளவுதான்.

அன்பார்ந்தவர்களே, கோயில் பக்கம் வராதவர்களைப் பற்றி அன்பியக் கூட்டங்களில் பேச்சு வரும். “அவங்களுக்கு விசுவாசமே செத்துப்போச்சு” என்று யாராவது சொல்லிவிடுவோம். கணவரைப் பறிகொடுத்தவர், வேலை போனவர், வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்து தலைகுனிந்தவர், இவர்கள் அந்தக் குளிர்கால மீனைப் போல ஒடுங்கியிருக்கிறார்கள். இருக்கிற தெம்பு காலையில் எழுந்து உட்காரவே சரியாகப் போகிறது. நாமோ நமக்கு வசதியான நேரத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறோம், தவக்காலத் தியானத்துக்கு நோட்டீஸ் கொடுக்கிறோம். குருக்களை நான் விலக்கிச் சொல்லவில்லை.

தியானத்தின் கடைசி நாளில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுவார். இனி ஒழுங்காக வந்துவிடுவார் என்று நாம் மகிழ்வோம். மறுவாரமே முன்னைவிடத் தள்ளிப் போவார். பனி உருகும்போதுதான் ஓடை சில்லிடும் என்பதை மறந்துவிட்டு, “அழுததெல்லாம் நடிப்பு” என்று பேசுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ப்ரூக், பிரவுன் என்ற இரண்டு வகை ட்ரவுட்டும் இலையுதிர் காலத்தில் வாலால் கூழாங்கற்களைப் பறித்து, குழியில் முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடிவிடும். குளிர்காலம் முழுவதும் முட்டை அந்தக் கல்லடியில் கிடக்கும். மேலே பார்த்தால் சுற்றிலும் இருப்பதைவிடச் சற்று வெளுத்த ஒரு திட்டு, வேறொன்றும் தெரியாது. தண்ணீரில் இறங்கி நடப்பவர் பூட்ஸ் காலால் அதை மிதித்தால் முட்டைகள் நசுங்கிப்போகும். மீனை விரும்பி வந்தவரே மீன்குஞ்சுகளைக் கொன்றுவிட்டுப் போவார், அவருக்கே தெரியாமல். “ஏம்மா கோயிலுக்கு வர்றதில்ல? சந்தா எத்தனை மாசம் பாக்கி? பேரனுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கலியாமே?” வாசற்படியில் நின்றே கேட்டுவிடுகிறோம். அந்த வீட்டில் விளக்கை அணைத்த பிறகு யாரோ தனியாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

தண்ணீர் தொடர்ந்து சில நாள் 10 டிகிரியைத் தொட்டால், பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ, குவில் கார்டன் என்ற பூச்சி ஓடையின் அடியிலேயே தோலுரித்துச் சிறகோடு மேலே வரும். அதுவரை ஒடுங்கிக் கிடந்த மீன் தானாக மேலே எழும். அந்த நாளை எந்தத் தூண்டில்காரராலும் வரவழைக்க முடியாது. அது வரும்போது அவர் கரையில் இருக்க வேண்டும். அருளும் அப்படித்தான்.

இப்போது மீண்டும் கெனசரேத்துக்கு வாருங்கள். தோற்றுக் களைத்து வலையை அலசுகிற சீமோனிடம் இயேசு, ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்று விசாரிக்கவில்லை. படகில் ஏறி, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொன்னார், அதில் உட்கார்ந்து மக்களுக்குப் போதித்தார். சீமோனிடமிருந்து முதலில் ஒரு சின்ன உதவியைப் பெற்றுக்கொண்டார். ஆழத்துக்குப் போகச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஆகவே சாம்பல் புதனுக்குள் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போங்கள், ஒரே ஒரு வீட்டுக்கு. அவர்களுக்குத் தோதான நேரத்தில் போங்கள். கோயில் பேச்சை எடுக்காதீர்கள். உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் ஏதாவது ஒரு சின்ன உதவியை அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சரி என்றால், அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போங்கள்.